எரிமலைத் தீவுகளுக்குப் பலநாள் ஸ்கூபா பயணம்: தங்குகடல் கிராமங்கள் ஏற்கெனவே அறிந்த பாடம்

பாறசாலை: திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பொழியூருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடிக்கும் இடையே கேரள – தமிழக எல்லை கடலைத் தொடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட இந்த எல்லையின் இருபுறமும் மீனவக் குடியிருப்புகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான தூத்தூர் வட்டாரக் கிராமங்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறா, சூரை மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். விசைப்படகிலேயே சமைத்து, உண்டு, உறங்கி, வாரக்கணக்கில் கரை காணாமல் இருக்கும் இந்தத் தொழிலுக்குத் தமிழில் ‘தங்குகடல்’ என்று பெயர்.

இதே வாழ்க்கையைச் சில நாள்களுக்குப் பணம் கொடுத்து மேற்கொள்ளும் சுற்றுலா ஒன்றும் உள்ளது. படகிலேயே தங்கி, தீவு தீவாகச் சென்று, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைக் காணும் இப்பயணம் ‘லிவ்அபோர்டு’ எனப்படுகிறது. வெப்பமண்டல எரிமலைத் தீவுகள் இதற்கு உலகெங்கும் விரும்பப்படும் இடங்கள். இந்தியாவிலும் அத்தகைய கடல் உள்ளது. அந்தக் கடல், எரிமலைத் தீவுகளை ஸ்கூபா பயணிகள் நாடுவதற்கான காரணம், இப்பயணத்தில் உயிரைக் காப்பவை எவை என்பன குறித்த தொகுப்பு இது.

மேற்கே அணைந்த எரிமலைகள்

எல்லைக் கிராமங்களின் படகுகள் செல்லும் அரபிக்கடலிலேயே எரிமலைத் தீவுகளின் வரலாறு தொடங்குகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் எரிமலைக் குழம்புப் படிவுகளை உருவாக்கிய வெப்பமையத்தின் மேலாக இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. அதன் தடமாகக் கடலடியில் உருவான எரிமலை மேடுகளின் மீதே லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகள் அமைந்துள்ளன. அந்த வெப்பமையம் இன்று ரீயூனியன் தீவின் அடியில் உள்ளது. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் அத்தீவில், பித்தோன் டெ லா ஃபூர்னேஸ் எரிமலை இப்போதும் அடிக்கடி வெடிக்கிறது.

எரிமலை அணைந்த பின் அதன் உடல் மெல்ல மெல்லக் கடலுக்குள் தாழ்கிறது. அதன் விளிம்பில் வளரும் பவளம், தாழ்வுக்கு ஈடாக மேல்நோக்கி வளர்கிறது. இறுதியில் எரிமலை மறைந்து, நடுவே கழியைக் கொண்ட பவள வளையம் மட்டும் எஞ்சுகிறது. இந்த விளக்கத்தை சார்லஸ் டார்வின் 1842-ல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். லட்சத்தீவில் கால் வைக்கும் பயணி வெண்மணலைத்தான் காண்கிறார்; அதற்குக் கீழே வெகு ஆழத்தில் இருப்பது எரிமலைப் பாறை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியினருக்கு மிக அருகில் உள்ள லிவ்அபோர்டு தளம் மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலே சுமார் 600 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கு ‘சஃபாரி படகு’ என்று அழைக்கப்படும் தங்குபடகுகளில் ஒரு வாரப் பயணம் வழக்கமானது. பொழுதுபோக்கு மூழ்குதலுக்கு 30 மீட்டர் ஆழமே உச்சவரம்பு என அந்நாட்டு விதிகள் வரையறுத்துள்ளன.

இந்தியப் பகுதியான லட்சத்தீவில், கொச்சியிலிருந்து கப்பலில் சென்று இரவில் கப்பலிலேயே தங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கும் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் திட்டம் லட்சத்தீவு சுற்றுலாத் துறையின் சார்பில் நடத்தப்பட்டு வந்துள்ளது. முழுமையான ஸ்கூபா பயணமாக அது இல்லாவிடினும், படகில் தங்கித் தீவுகளைக் காணும் முறைக்கு நெருங்கியது. லட்சத்தீவுக்குள் நுழைய முன் அனுமதி கட்டாயம்.

கிழக்கே உயிருள்ள எரிமலை

அணையாத எரிமலையைக் காண வங்கக் கடலைக் கடந்து அந்தமான் கடலுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பாரன் தீவே இந்தியாவில் உறுதி செய்யப்பட்ட ஒரே செயல்படும் எரிமலை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 138 கி.மீ. தொலைவிலும், ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவிலும் அது அமைந்துள்ளது.

கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம் சுமார் 350 மீட்டர் மட்டுமே. ஆனால் மலையின் அடிவாரம் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் தீவு, மூழ்கிய பெருமலையின் உச்சி மட்டுமே. சுமார் 2 கி.மீ. அகலமுள்ள பள்ளத்தின் நடுவே கூம்பு வடிவில் எரிமலை வாய் எழுந்து நிற்கிறது. பள்ளத்தின் மேற்குச் சுவர் உடைந்திருப்பதால், எரிமலைக் குழம்பு அந்த வழியே கடலில் இறங்குகிறது.

இந்திய நிலத்தட்டு பர்மா தட்டின் அடியில் நுழைவதால் உண்டாகும் உருகலே இந்த எரிமலைக்குக் காரணம். மியான்மர் முதல் சுமத்ரா வரை நீளும் எரிமலைத் தொடரின் ஒரு கண்ணி இது. பாரன் தீவின் முதல் பதிவு பெற்ற வெடிப்பு 1787-ல் நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருந்த எரிமலை, 1991-ல் மீண்டும் விழித்தது. 1994-95-லும், 2004 டிசம்பர் 26 சுனாமி நிலநடுக்கத்துக்கு ஐந்து மாதங்களுக்குப் பின் 2005 மே மாதத்திலும் வெடித்தது. 2017 ஜனவரியில் தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஆய்வுக் கப்பலில் இருந்தபடியே அதன் வெடிப்பைக் கண்டு பதிவு செய்தனர். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் நிகழ்ந்தன.

பாரன் தீவிலிருந்து வடக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ளது நார்கொண்டம். 710 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலை உறக்க நிலையில் உள்ளது. ‘நரக குண்டம்’ என்ற சொல்லே இப்பெயராகத் திரிந்தது என்பர். புகை கக்கும் பாரன் தீவுக்கு உரிய பெயர், வரைபடங்களில் இடம் மாறி இந்தப் பசுந்தீவுக்குச் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. நார்கொண்டம் இருவாச்சிப் பறவை உலகில் இந்த ஒரு தீவில் மட்டுமே வாழ்கிறது. ஏழு சதுர கி.மீ. அளவே உள்ள அத்தீவு 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பாரன் தீவும் சரணாலயமே. இரு தீவுகளிலும் பயணிகள் விருப்பம்போல் கரையிறங்க முடியாது. அந்தமான் நிர்வாகம், வனத்துறை ஆகியவற்றின் அனுமதியுடன் கடற்பகுதிக்குச் செல்லும் படகுகள், நீரில் மூழ்கிப் பார்ப்பதற்கே பயணிகளை அழைத்துச் செல்கின்றன. அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுவதால், முன்பதிவுக்கு முன் நிர்வாகத்திடம் உறுதி செய்வது அவசியம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உடைந்து கிடக்கும் துண்டை எடுத்து வருவதும் குற்றமாகும்.

எரிமலைக் கடலின் ஈர்ப்பு

எரிமலை அழிக்கும் இடத்தில் பவளம் ஏன் செழிக்கிறது என்ற கேள்விக்கு இந்தோனேசியாவின் பண்டா தீவுகள் விடையளித்தன. அங்குள்ள குனுங் ஆபி எரிமலை 1988-ல் வெடித்தபோது, குழம்பு கடலில் இறங்கி இருந்த பவளத்தை மூடியது. ஐந்தே ஆண்டுகளில் அந்தப் புதிய பாறையின் மீது 100-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் வளர்ந்து, பாதிக்கும் மேலான பரப்பை மூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். உறைந்த குழம்புப் பாறை உறுதியானது, சொரசொரப்பானது, போட்டி உயிர்கள் இல்லாதது. மிதந்து வரும் பவள இளவுயிரிகள் பற்றிக்கொள்ள இதைவிட ஏற்ற தளம் அரிது.

பாரன் தீவைச் சுற்றிலும் இதே நிலைமை காணப்படுகிறது. ஆற்று வண்டல் கலக்காத தெளிந்த நீர், சில மீட்டர் தூரத்திலேயே ஆழத்துக்குச் சரியும் கரும்பாறைச் சுவர், ஆழ்கடலிலிருந்து மேலெழும் உணவுச் செறிவு ஆகியவை சேர்ந்து, ‘மாண்டா’ எனும் பெருந்திருக்கைகளையும் பாறைச் சுறாக்களையும் ஈர்க்கின்றன. அந்தமானில் பொதுவாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் இப்பயணங்கள் நடைபெறுவதில்லை.

உடலில் சேரும் நைட்ரஜன்

ஸ்கூபா மூழ்குதலின் அடிப்படை அபாயம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம், கரையில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலில் குமிழி எழுவதைப் போல, உடலுக்குள் நைட்ரஜன் குமிழிகள் தோன்றும். மூட்டு வலி முதல் பக்கவாதம், மரணம் வரை இதனால் நேரலாம்.

விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரையிலான கரையோரப் பாறைகளில் மூச்சடக்கி இறங்கிச் சிப்பி எடுப்பவர்கள், ஒரே மூச்சுக் காற்றுடன் இறங்கி அதே காற்றுடன் ஏறுகின்றனர். ஆகவே அவர்களிடம் இந்த நோய் அரிது. மன்னார் வளைகுடாவில் கம்ப்ரசர் குழாய் மூலம் சுவாசித்து நெடுநேரம் சங்கு குளிப்போரிடையே இதனால் முடக்கமும் உயிரிழப்பும் நேர்ந்துள்ளன.

பலநாள் பயணத்தில் இந்த அபாயம் வேறு வடிவம் பெறுகிறது. முதல் மூழ்குதலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறுவதற்கு முன்பே இரண்டாவது மூழ்குதல் தொடங்குகிறது. நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள்கள் இறங்குபவரின் உடலில் எச்சம் சேர்ந்துகொண்டே போகும். எனவே ஆழம், நேரம், இடைவேளை மூன்றையும் கணக்கிடும் மணிக்கட்டுக் கணினியை ஒவ்வொருவரும் அணிய வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் மேலேறுவது, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது, நாளின் முதல் மூழ்குதலையே மிக ஆழமானதாக வைத்துக்கொள்வது ஆகியவை பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள்.

விமானப் பயணமும் இதில் அடங்கும். விமான அறையின் காற்றழுத்தம் சுமார் 2,000 மீட்டர் மலை உயரத்துக்கு ஒப்பானது. பலநாள் மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும். 24 மணி நேரம் காத்திருப்பது மேலும் பாதுகாப்பானது. விடுமுறை நாளைச் சுருக்கி, கடைசி நாள் காலையில் மூழ்கி மாலையில் விமானம் பிடிக்கும் திட்டம் ஆபத்தானது.

தொலைவு என்னும் அபாயம்

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் படகுக்கு, பாரன் தீவிலிருந்து போர்ட் பிளேர் ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரம். நார்கொண்டத்திலிருந்து அது 17 மணி நேரம் வரை ஆகலாம். அழுத்த நோய்க்கான சிகிச்சை, நோயாளியை அழுத்த அறைக்குள் வைத்து மீண்டும் அழுத்தம் கொடுத்து மெல்லக் குறைப்பதாகும். அந்தமானில் அதற்கு போர்ட் பிளேரில் உள்ள கடற்படை மருத்துவமனையையே நாட வேண்டும். அதுவரை நோயாளியைக் காப்பது படகிலுள்ள மருத்துவ ஆக்சிஜன் ஒன்றே. ஒன்பது மணி நேரத்துக்குப் போதுமான ஆக்சிஜன் படகில் உள்ளதா என்பதே, முன்பதிவுக்கு முன் பயணி கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதன் காரணமாகவே புதியவர்களுக்கு இப்பயணம் பரிந்துரைக்கப்படுவதில்லை. தொடக்க நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரையும், அடுத்த நிலைச் சான்றிதழ் 30 மீட்டர் வரையும் இறங்கத் தகுதி அளிக்கிறது. செங்குத்துச் சுவரும் நீரோட்டமும் உள்ள எரிமலைத் தீவுகளில் இரண்டாம் நிலைத் தகுதியும், தொடர்ந்து மூழ்கிய அனுபவமும் தேவை. நீரோட்டத்தில் விலகிச் செல்பவரைச் சிறுபடகு கண்டறிவதற்கு, காற்றடைத்து மேலே அனுப்பும் செந்நிற மிதவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

படகே காரணமான விபத்துகள்

உலக அளவில் தங்குபடகுப் பயணிகள் பெரும் எண்ணிக்கையில் உயிரிழந்த அண்மை விபத்துகளில், காரணம் எரிமலையோ சுறாவோ அன்று, படகுதான். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் ‘கன்செப்ஷன்’ என்ற படகு தீப்பிடித்ததில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் உயிரிழந்தனர். இரவில் சுற்றிவந்து கண்காணிக்கும் காவலர் யாரும் நியமிக்கப்படாததால் தீ வளர்ந்தது தெரியவில்லை என விசாரணையில் தெரியவந்தது. படகின் தலைவர் 2023-ல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் செங்கடலில் ‘சீ ஸ்டோரி’ என்ற தங்குபடகு கவிழ்ந்தது. அதிலும் உயிரிழப்புகள் ஏற்பட்டன. உள்ளே சிக்கிய சிலர் ஒரு நாளுக்கும் மேலான பின் மீட்கப்பட்டனர்.

இன்னொரு விபத்துக்குக் காரணம் எண்ணிக்கைப் பிழை. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஓர் அமெரிக்கத் தம்பதி கடலில் இருக்கும்போதே சுற்றுலாப் படகு கரை திரும்பியது. இருவர் குறைவதை நிறுவனம் உணர்ந்தபோது இரண்டு நாள்கள் கழிந்திருந்தன. அவர்கள் மீட்கப்படவே இல்லை. அதன் பின், நீரிலிருந்து திரும்பிய ஒவ்வொருவரையும் எண்ணிப் பதிவு செய்த பிறகே படகு நகர வேண்டும் என்ற விதி அங்கு கடுமையாக்கப்பட்டது.

ஒக்கி கற்பித்தது

எல்லைக் கிராமங்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2017 நவம்பர் 29, 30 ஆகிய நாள்களில் ஒக்கி புயல் உருவாகி வலுவடைந்தபோது, தூத்தூர் வட்டாரக் கிராமங்களிலிருந்தும் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்தும் சென்ற ஏராளமான படகுகள் கடலில் இருந்தன. கரையோரப் படகுகளுக்கு எச்சரிக்கை தாமதமாகக் கிடைத்தது. தங்குகடலில் இருந்தவர்களை அது எட்டவே இல்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

மீட்புப் பணியில் எழுந்த முதல் குழப்பம் எண்ணிக்கை குறித்தது. எத்தனை படகுகள் எந்தத் துறைமுகத்திலிருந்து சென்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்பதற்கு ஒரே பட்டியல் இல்லை. அரசு அறிவித்த எண்ணும், கிராமங்களிலும் ஆலயங்களிலும் வீடு வீடாகக் கேட்டுத் தயாரித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒரு படகில் இரு மாநிலத்தவரும் சேர்ந்து தொழில் செய்யும் பகுதியில், எந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் வரும் என்பதே கேள்வியாயிற்று.

அதன் பின் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. கடலிலிருந்து அபாயச் செய்தி அனுப்ப 2010 முதல் பயன்பாட்டில் இருந்த இஸ்ரோவின் கருவி, 2024-ல் இரண்டாம் தலைமுறை வடிவம் பெற்றது. பழைய கருவியில் செய்தி சென்று சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. புதியதில், செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது.

பயணிகள் கேட்க வேண்டியவை

சுற்றுலாத் தங்குபடகில் ஏறுபவரும் இதே கேள்விகளைக் கேட்கலாம். பயணிகள், பணியாளர் பெயர்ப்பட்டியலின் ஒரு படி கரையில் யாரிடம் உள்ளது? இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலர் யார்? உறங்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா? கேமரா, விளக்கு மின்கலங்களை இரவில் கண்காணிப்பின்றி மின்னேற்றம் செய்ய அனுமதிக்கிறார்களா? ஒவ்வொரு மூழ்குதலுக்கு முன்னும் பின்னும் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா? சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரின் காற்று நுழைவாய், எந்திரப் புகையிலிருந்து விலகி உள்ளதா? செயற்கைக்கோள் தொலைபேசியும் அபாயச் சமிக்ஞைக் கருவியும் செயல்படுகின்றனவா?

இவற்றுக்குத் தெளிவான விடை தராத படகைத் தவிர்ப்பதே நலம். பயணத் திட்டத்தையும் திரும்பும் நாளையும் குடும்பத்தினரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். இந்தியக் கடலில் அவசர உதவிக்குக் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. படகின் வானொலியில் அபாய அழைப்புக்கான அலைவரிசை 16.

பொழியூரிலும் நீரோடியிலும் படகு கடலுக்குப் போகும்போது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதைக் கரையில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதை ஒக்கி உணர்த்தியது. எரிமலைத் தீவுக்குச் செல்லும் பயணிக்கும் அதுவே முதல் பாதுகாப்பு.